ஆண்டர்சன்: தகப்பன் பெயர் குடும்பப் பெயரான கதை

ஆண்டர்சன் என்றால் ஆண்டர்ஸின் மகன். ஸ்வீடனில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் இந்தக் குடும்பப் பெயரைக் கொண்டிருக்கிறார்கள். ஆண்டர்ஸ் என்பது கிரேக்கத்தின் ஆண்ட்ரியாஸ், தமிழ் பைபிளின் அந்திரேயா. ஆண்மை மிக்கவன் என்று பொருள். யோஹான்சன் போன்ற பெயர்களில் தகப்பன் பெயருக்கும் ‘மகன்’ என்ற சொல்லுக்கும் நடுவே ஆறாம் வேற்றுமை உருபாக ஓர் ‘எஸ்’ நிற்கும். ஆண்டர்ஸ் என்ற பெயரே எஸ்ஸில் முடிவதால் உருபு அதற்குள் மறைந்துவிடுகிறது.

பல நூற்றாண்டுகள் இது குடும்பப் பெயராகவே இருக்கவில்லை. இன்னார் பிள்ளை என்ற தகவல், அவ்வளவுதான். ஆண்டர்ஸுக்கு ‘பேர்’ என்றொரு மகன் பிறந்தால் அவன் முழுப்பெயர் பேர் ஆண்டர்சன், மகள் காரின் என்றால் காரின் ஆண்டர்ஸ்டோட்டர். அந்த ‘பேர்’ என்பவனுக்குப் பிறக்கும் மகன் பேர்சன். மணமான பிறகும் பெண் தன் தகப்பன் பெயரையே வைத்துக்கொண்டாள். மேட்டுக்குடியிலும் இதுதான் வழக்கம். 14ஆம் நூற்றாண்டுப் புனிதை பிரிகிட்டா, பீர்கர் பேர்சனின் மகள் என்பதால் பிரிகிட்டா பீர்கர்ஸ்டோட்டர். 1523இல் அரியணை ஏறிய குஸ்தாவ் வாசா, எரிக் யோஹான்சனின் மகன் குஸ்தாவ் எரிக்சன்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் பழக்கமும் சேர்ந்துகொள்ள, ஒரே ஊரில் பல ஆண்டர்ஸ் ஆண்டர்சன்கள் இருந்தார்கள். படைக்கு இது பெரிய தலைவலி. 1680களில் மன்னர் பதினோராம் கார்ல் படையமைப்பைச் சீர்திருத்தியபின், சிப்பாய்களுக்குத் தனிப்பெயர் சூட்டுவது பரவலானது: ராஸ்க் (சுறுசுறுப்பானவன்), மூடிக் (துணிந்தவன்), ஸ்வேர்த் (வாள்). சிப்பாய்க்குக் குடியிருக்க ஒரு சிறு வீடும் தரப்பட்டது. அவன் விலகியதும் வீட்டோடு சேர்த்துப் பெயரும் அடுத்தவனுக்குப் போவது உண்டு. படித்தவர்கள் வேறு வழி கண்டார்கள். இங்கெமார் பெங்ட்சனின் மகன் நில்ஸ் இங்கெமார்சன், பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, குடும்ப நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்தை நினைத்து லின்னேயஸ் என்று வைத்துக்கொண்டார். பல தாவரங்களுக்குப் பெயர் சூட்டிய கார்ல் லின்னேயஸ் அவர் மகன். அவர் பெயரே ஒரு மரத்திலிருந்து வந்ததுதான்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், முதலில் நகரங்களில், தகப்பன் பெயர் உறையத் தொடங்கியது. பேர் ஆண்டர்சனின் பிள்ளைகளும் ஆண்டர்சன்களாகவே நின்றார்கள். மனைவி கணவன் பெயருக்கு மாறினாள். மகள் பெயரிலும் ‘மகன்’ ஒட்டிக்கொண்டது. பொருள் பார்த்தால் அபத்தம்தான், ஆனால் அதற்குள் யாரும் பொருள் பார்ப்பதை விட்டிருந்தார்கள். குடும்பப் பெயர் சூட்டிக்கொள்வதை 1901 ஆணை நெறிப்படுத்தியது. தலைமுறைதோறும் மாறும் முறை அதன்பின் வெகுகாலம் நீடிக்கவில்லை.

2017இல் நடைமுறைக்கு வந்த பெயர்ச் சட்டம், பெற்றோரில் ஒருவரின் பெயரோடு ‘மகன்’ அல்லது ‘மகள்’ சேர்த்துக் குடும்பப் பெயர் அமைத்துக்கொள்ள இடம் தருகிறது. அந்தப் பெயர் தாயுடையதாகவும் இருக்கலாம்.