பார்த்த நிலமும் குனிந்த நிலமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவல்களில் இயற்கை வருணனை மிகுதி. அப்பக்கங்களைத் தாண்டிக் கதைக்கு விரைவோர் பலர். குருமடத்து நாள்களில் நாமும் அவ்வாறே விரைந்தோம். நிலத்தைப் பார்ப்பவர் யார், எங்கு நின்று பார்க்கிறார் என்னும் வரலாறு அவற்றில் அடங்கியிருப்பது பின்னரே நமக்குப் புலப்பட்டது.

ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' 1817 இறுதியில் வெளிவந்தது. இயற்கையை ஓவியமாகக் கண்டு மதிப்பிடுவது அக்காலச் செல்வர்களின் நாகரிகம். அதைப் புதிதாய்க் கற்ற கேத்தரின் என்னும் இளம்பெண், குன்றேறி நின்று, பாத் நகரம் முழுவதுமே ஓவியத்துக்கு உதவாது என ஒதுக்கிவிடுகிறாள்! ஆஸ்டினின் நகைப்பு மென்மையானது. ஆனால் குறி தப்பாதது. ஓய்வுள்ளோர் இங்ஙனம் காட்சி தேடிய அதே காலத்தில், நாடாளுமன்றச் சட்டங்களால் பொது நிலங்கள் வேலியிடப்பட்டு வந்தன. ஏழைகள் விறகும் மேய்ச்சலும் பெற்ற நிலங்கள் அவை.

விறகு வெட்டுவோரின் நிலத்தையே தாமஸ் ஹார்டி எழுதினார். 1840இல் டார்செட் மாவட்டத்தில், புதர்க்காட்டின் ஓரத்து வீட்டில் பிறந்தவர் அவர். 1878இல் வெளிவந்த 'தி ரிட்டர்ன் ஆஃப் த நேட்டிவ்' நாவலின் முதல் அதிகாரத்தில் மனிதர் எவரும் இல்லை. அந்தி சாயும் எக்டன் புதர்வெளி மட்டுமே உண்டு. பாரிஸ் வைர வணிகத்தை உதறி, ஊரில் பள்ளி நடத்தும் எண்ணத்தோடு திரும்புகிறான் கிளிம். இரவெல்லாம் படித்ததால் கண் கெடுகிறது. விறகுக்காக முட்புதர் வெட்டும் கூலியாளாகிறான். குனிந்த அவனுக்கு உலகம் சில அடிகளாகச் சுருங்குகிறது. அந்தச் சில அடிகளுக்குள் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வெட்டுக்கிளிகளும் அவனைச் சூழ்கின்றன. அவன் பாடிக்கொண்டே வெட்டுகிறான். மனைவியோ அவமானத்தால் அழுகிறாள்.

மகனைத் தேடிவரும் தாய், முன்னே செல்லும் விறகுவெட்டியை யாரோ என்றே எண்ணுகிறாள். இறந்துபோன தன் கணவரின் நடையை அவனிடம் கண்ட பின்னரே மகனென்று அறிகிறாள். இவ்விடத்தைக் கடக்க நமக்கு எப்போதும் நேரமாகிறது. அவள் வீடு திரும்பும் வழியில் கடும் வெயிலாலும் விரியன் தீண்டியும் உயிர்விடுவதும் அதே வெளியில்தான். ஹார்டியின் இயற்கை எவருக்கும் இரங்குவதில்லை.

இறைநம்பிக்கையை இழந்த ஹார்டி, கிளிமை இறுதியில் ஊர் ஊராகச் சென்று போதிப்பவனாக்குகிறார். அவன் முதலில் பேச நிற்பது அப்புதர்வெளியின் மேட்டின்மீது. வேறு வேலைக்குக் கண் உதவாதவன் போதிக்க வந்தது பொருத்தமே என்று ஊரார் சிலர் சொன்னார்களாம். ஞாயிறுதோறும் மறையுரை ஆற்றும் நமக்கு அது சற்றே உறைக்கத்தான் செய்கிறது.