சங்கு ஊதிய காலம்

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. மில் சங்கு ஊதினால் அம்மா அடுப்பு மூட்டுவார். அடுத்த சங்குக்குள் அப்பா சோற்றுத் தூக்குடன் வாசலில் நிற்பார்.

நான் பிரெஞ்சில் படித்தவன். பிரான்சின் ஆறுகளை வரிசையாக ஒப்பிப்பேன். ஆனால் நம் ஊருக்கு மில் ஏன் வந்தது என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. பிற்பாடு நானே தேடித் தெரிந்துகொண்டேன்.

மில்லுக்கு முன்பே இங்கே தறி இருந்தது. சுற்றுவட்டார நெசவாளர் நெய்து, அவுரி நீலம் தோய்த்த துணியைப் பிரெஞ்சு வணிகர்கள் செனகல்வரை கொண்டுபோய் விற்றார்கள். அந்த வியாபாரத்தை ஒட்டி 1828-இல் தொடங்கியதுதான் சாவனா மில், பின்னாளில் சுதேசி மில். நூற்றாண்டு முடிவதற்குள் கெப்ளே மில்லும் ரோடியர் மில்லும் வந்தன. நாம் பாரதி மில், ஏ.எப்.டி. என்று அறிந்தவை அவைதான். பக்கத்துக் கொம்யூன்களான அரியாங்குப்பம், வில்லியனூரிலிருந்தும் ஆட்கள் விடியுமுன் நடந்தே வருவார்கள். வயலை நம்பியிருந்த குடும்பங்களுக்கு முதன்முதலாகச் சம்பள நாள் என்று ஒன்று வந்தது.

அப்பா சிறுவயதிலேயே மில்லில் சேர்ந்தவர். வெளிச்சம் போகிறவரை வேலை என்பார். 1936 ஜூலை 30 அன்று, வ. சுப்பையா முன்னின்ற போராட்டத்தில், பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 தொழிலாளர் மாண்டனர். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அன்று முதல் பகல் வெளிச்சத்தில் பிள்ளைகள் முகம் பார்த்தோம் என்று பழைய தொழிலாளிகள் சொல்வார்கள்.

நான் அரசு குமாஸ்தா ஆனேன். தம்பி மில்லுக்குப் போனான். மில்காரன் என்றால் அன்று பெண் கொடுக்கப் போட்டி.

பிறகு காற்று உழவர்கரைப் பக்கம் திரும்பியது. தட்டாஞ்சாவடியிலும் மேட்டுப்பாளையத்திலும் தொழிற்பேட்டைகள். வரிச்சலுகைக்காக வந்த கம்பெனிகளில் பல, சலுகை முடிந்ததும் மூட்டை கட்டின. இங்கே மில்களோ அரசு கைக்கு வந்தும் தேறவில்லை. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் ஏ.எப்.டி.யைச் சாய்த்தது, 2020-இல் அதை மூடியே விட்டார்கள்.

தம்பி மகன் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். வயது நாற்பது. ஒரு ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம், நிரந்தரம் இல்லை.

சென்ற ஜூலை 30 அன்று தியாகிகளுக்கு மாலை போடக் கிளம்பினேன். அவனையும் கூப்பிட்டேன்.

"லீவு போட்டா ஆளை மாத்திடுவாங்க பெரியப்பா. நீங்க போயிட்டு வாங்க," என்றான்.

தனியாகத்தான் போனேன்.