புத்தளத்துக் குடிகள்: ஒரு வரலாற்று நோக்கு

குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளிலே ஓர் ஊரின் மக்கள் யாவரும் சில நிரல்களுள் அடக்கப்பட்டுவிடுகின்றனர். சிங்களவர், தமிழர், சோனகர், பறங்கியர், மலாயர், ஏனையோர் என்னும் தலைப்புக்களின்கீழ் எண்கள் நிற்கும். ஒருவர் ஒரு நிரலிலேயே இடம்பெறலாம். ஆட்சி நடத்துவோர்க்கு இம்முறை வசதியானதே. எனினும், மொழி, சமயம், குலம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி நில்லாத ஊர்களில் இந்நிரல்கள் மக்களின் வரலாற்றைக் காட்டுவதினும் மறைப்பதே மிகுதி. ஈழத்தின் மேற்குக் கரையிலமைந்த புத்தளம் இதற்குத் தக்க சான்றாகும்.

கற்பிட்டித் தீபகற்பம் மேற்கே கடலைத் தடுத்து நிற்க, அதற்கும் பெருநிலத்துக்கும் இடையே நீண்டு கிடக்கும் களப்பின் கீழ்க்கரையிலே புத்தளம் அமைந்துள்ளது. மழை குறைவு, வெயிலும் காற்றும் மிகுதி. ஆகவே ஆழமற்ற அக்களப்பின் ஓரங்களில் உப்பு எளிதில் விளையும். 'உப்புத்தளம்' என்னும் பெயரே புத்தளம் எனத் திரிந்தது என்று கூறுவாரும் உளர். வடக்கே மன்னார்க் கடலில் முத்துச் சலாபங்கள் இருந்தன. கிழக்கே குருநாகல் வழியாக மலைநாட்டுக்குப் பாதை சென்றது. உப்பும் முத்தும் வணிகமுமே இவ்வூருக்குப் பல திசைகளினின்றும் மக்களை அழைத்து வந்தன.

இப்பகுதியைக் குறித்துக் கிடைக்கும் பழைய குறிப்புக்களுள் சிறப்புடையது மொறொக்கோ நாட்டு யாத்திரிகரான இபுனு பதூதா எழுதியதாகும். 1344 ஆம் ஆண்டில் அவர் வந்திறங்கிய 'பத்தாலா' என்னும் துறை புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பலரது கருத்து. அங்கே அவரை வரவேற்ற மன்னன் ஆரியச்சக்கரவர்த்தி. இந்துவாகிய அம்மன்னன் பாரசீக மொழியை விளங்கிக்கொண்டான் என்றும், தன்னிடமிருந்த முத்துக்களை விருந்தினருக்குக் காட்டினான் என்றும் அவர் எழுதியுள்ளார். பாவாத மலையைத் தரிசிக்க விரும்பிய அம்முஸ்லிம் யாத்திரிகருக்கு வழித்துணையாக யோகியர் நால்வரையும் பிராமணர் மூவரையும் மன்னன் அனுப்பிவைத்தான். பதினான்காம் நூற்றாண்டின் புத்தளத்திலே பல சமயத்தவரும் பல மொழியினரும் கலந்து பழகியமைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

அடுத்த நூற்றாண்டில் இக்கரையோரத்தில் வலிமையுற்றிருந்தோர் முக்குவர். கோட்டையை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவின் காலத்தில் அவர்களை ஒடுக்குதற்கெனக் காஞ்சிபுரம், காவிரிப்பூம்பட்டினம், கீழக்கரை ஆகிய இடங்களிலிருந்து போர்வீரர் வரவழைக்கப்பட்டனர் என 'முக்கர ஹட்டன' என்னும் சிங்கள ஏடு கூறுகின்றது. வந்த வீரர் வெற்றியின்பின் மேற்குக் கரையிலேயே நிலம் பெற்றுக் குடியேறினர் என்பதும் அவ்வேட்டின் செய்தி. தமிழகத்தினின்றும் வந்தோரைத் தம் முன்னோர் எனக் கொள்ளும் இம்மரபைச் சிங்கள மொழியிலே பேணியோர் பின்னாளிற் சிங்களவராகவே எண்ணப்பட்ட கரையோர மக்களாவர். முக்குவருள்ளும் ஒரு சாரார் இசுலாத்தையும், வேறொரு சாரார் கத்தோலிக்க சமயத்தையும் தழுவினர். ஆகவே ஒரு குலத்தவரே காலப்போக்கில் வெவ்வேறு நிரல்களிற் சென்று சேர்ந்தனர்.

சோனகரின் வரலாறும் ஒரே ஊற்றிற் பிறந்ததன்று. அரபு வணிகரின் வழிவந்தோர், காயல்பட்டினம், கீழக்கரை முதலிய துறைகளினின்றும் வந்தோர், உள்ளூர்ப் பெண்களை மணந்தோர், சமயம் மாறியோர் எனப் பலரும் இச்சமூகத்திற் கலந்தனர். அவர்கள் வீட்டுமொழி தமிழே. புத்தளம் கண்டி மன்னருக்குரிய துறையாய் இருந்த காலத்தில் உப்பும் கருவாடும் புடைவையும் பொதிமாடுகளின் மீதேறி மலைநாடு சென்றன. 'தவளம்' எனப்பட்ட இப்பொதிமாட்டு வணிகத்திலே முஸ்லிம்கள் பெரும்பங்கு கொண்டனர். 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஒல்லாந்தர் கரையோரம் முழுவதையும் தம்வசப்படுத்தியபோது கண்டி அரசு தன் துறைகளை இழந்தது. ஆட்சி மாறினும் அவ்வணிகர் புத்தளத்தை விட்டு நீங்கினாரல்லர். நகரின் பெரும்பான்மையினராகவே நிலைபெற்றனர்.

இந்நிலத்தின் கலப்புத்தன்மையைத் தம் வாழ்விலேயே கொண்டிருந்தவர் சைமன் காசிச்செட்டி (1807-1860) ஆவார். கற்பிட்டியிற் பிறந்த அவர் குலத்தாற் செட்டி, சமயத்தாற் கிறித்தவர், தமிழ்ப் புலமையால் 1859 இல் 'தமிழ் புளூராக்' என்னும் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவர். 1834 இல் இலங்கையின் ஊர்களைப் பற்றிய அகராதியொன்றை வெளியிட்டார். முக்குவரின் வரலாற்றையும் ஆராய்ந்து எழுதினார். 1838 இல் சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தார். இலங்கைச் செட்டிகளோ 2001 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் தனியினமாகக் கணிக்கப்பட்டனர். அன்று தமிழருக்காகப் பேசியவரின் குலத்தவர்க்கு இன்று தனி நிரல் உண்டு.

நகருக்கு அண்மையிலுள்ள சிறாம்பியடியில் வாழும் காப்பிரியரின் நிலை இதற்கு மாறானது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவராலும் அடிமைகளாகவும் படைவீரராகவும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் இவர்கள். ஆங்கிலேயரின் படைப்பிரிவு கலைக்கப்பட்டபின் அதிற் பணிபுரிந்தோர் சிலர் புத்தளப் பகுதியிற் குடியமர்ந்தனர். இவர்கள் முன்னோர் போர்த்துக்கேயக் கலப்புமொழி பேசினர். இன்று அம்மொழி 'மஞ்சா' எனப்படும் பாடல்களிலேயே பெரிதும் எஞ்சியுள்ளது. பாடுவோருள்ளும் அதன் சொற்பொருளை முற்றும் அறிந்தோர் அரியர். அயலவரோடு மணவுறவு கொண்டு, சிங்களம் பேசி, 'ஏனையோர்' என்னும் நிரலுள் இச்சிறு கூட்டத்தினர் மறைந்துவருகின்றனர்.

இனப்பெயர்கள் எவ்வாறு உறுதிபெற்றன என்பதையும் இங்கு நோக்கல் வேண்டும். இலங்கை முழுவதற்குமான முதற் குடிசன மதிப்பீடு 1871 இல் நடைபெற்றது. 1911 இலே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்றும், இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்றும் பகுப்புக்கள் விரிந்தன. இடையில், 1888 இற் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டுக் கட்டுரை எழுதினார். சட்டசபையிலே சோனகருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டப்பட்ட காலம் அது. 1889 இல் அது வழங்கவும் பட்டது. ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907 இல் இராமநாதனுக்கு விரிவான மறுப்பு எழுதினார். மொழியை அளவுகோலாகக் கொண்டார் ஒருவர். சமயத்தையும் மரபையும் கொண்டார் மற்றவர். ஆயினும் தமிழ் பேசிய அச்சமூகம் தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்ளும் உரிமையை விரும்பிற்று என்பதே அவ்விவாதத்தின் உட்பொருள்.

புத்தள மாவட்டத்தின் தென்பகுதியில் மாற்றம் வேறு வழியில் நிகழ்ந்தது. சிலாபத்திலும் அதற்குத் தெற்கேயும் வாழ்ந்த தமிழ்க் கத்தோலிக்கருட் பலர் இருபதாம் நூற்றாண்டிலே பாடசாலைகளின் போதனாமொழி சிங்களமானதும் இரண்டொரு தலைமுறைக்குள் சிங்களவராயினர். பாட்டனார் தமிழிற் செபிக்க, பேரர் சிங்களத்திற் செபித்த குடும்பங்கள் பல. மறுபுறம், உடப்பிலுள்ள இந்துக்கள் திரௌபதை அம்மன் கோயிலையும் அதன் தீமிதி விழாவையும் பற்றிநின்று தமிழராகவே நிலைத்தனர். ஓரினத்தவராய் நிற்பதும் வேறினத்தவராய் மாறுவதும் குருதியால் மட்டும் அமைவன அல்ல. பள்ளியும் கோயிலும் அவற்றைத் தீர்மானிக்கின்றன.

1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே இந்நிரல்கள் கொடிய பயனை விளைத்தன. வடமாகாணத்து முஸ்லிம்கள் எழுபதினாயிரவருக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தவர்க்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். தமிழே தாய்மொழியாகக் கொண்டு, யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பல தலைமுறை வாழ்ந்த அம்மக்களுட் பெரும்பாலோர் புத்தள மாவட்டத்தை வந்தடைந்தனர். ஊரவர் சோறும் இடமும் கொடுத்து ஆதரித்தனர். ஆயினும் ஆண்டுகள் செல்லச்செல்ல நீர், பாடசாலை, கூலிவேலை ஆகியன போதாமற் போகவே, மொழியாலும் சமயத்தாலும் ஒன்றான மக்களிடையே 'ஊரவர்', 'அகதிகள்' என்னும் புதுப்பிரிவு தோன்றிற்று. புத்தளத்தில் வாழ்ந்துகொண்டே வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு வாக்களித்தோரும் பலர். போர் 2009 இல் முடிந்தபின் சிலர் திரும்பினர். சிலர் ஈரிடத்தும் வீடு வைத்தனர். ஏனையோர் புத்தளத்திலேயே தங்கிவிட்டனர்.

2012 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி புத்தள மாவட்டத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சிங்களவர். ஐந்தில் ஒரு பங்கினர் சோனகர். தமிழர் சிறு தொகையினர். நகரத்தை மட்டும் நோக்கின் முஸ்லிம்களே பெரும்பான்மையினர். எல்லையை மாற்றினால் பெரும்பான்மையும் மாறுகின்றது. அவ்வெண்கள் பொய்யல்ல, ஆனால் அவை ஒரு நாளின் நிலையையே உரைப்பன. சிங்களவராகிய தமிழரும், சோனகராகிய முக்குவரும், தம் மொழியிழந்த காப்பிரியரும் அவற்றுட் புலப்படார். தம்மூரின் குடிவரலாற்றை ஆராயப் புகும் மாணவர் நிரல்களோடு நின்றுவிடாது, அவற்றுக்குப் பின்னேயுள்ள வணிகத்தையும் மணவுறவையும் பள்ளியையும் இடப்பெயர்வையும் தேடுதல் வேண்டும். 'நீ யார்?' என்று அயலானை வினவி, அவன் விடைக்கேற்ப அவனை வாழவிடுவதா துரத்துவதா எனத் தீர்மானித்த காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. அவ்வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூறுதல் எவர்க்கும் எளிதன்று என்பதே புத்தளம் உணர்த்தும் பாடமாகும்.