இறங்காத மேல்தட்டு: இந்தியக் கால்பந்து லீக்குகளும் கடலூர்ப் பெண்களும்

2018-19 பருவத்தில் கோவையைத் தளமாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் பட்டத்தை வென்றது. அதே பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) ஆடிய சென்னையின் எஃப்.சி. பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தது. பெரும்பாலான நாடுகளில் முன்னது மேலேறியிருக்கும், பின்னது கீழிறங்கியிருக்கும். இங்கு இரண்டும் நிகழவில்லை. 2020-21க்குப் பின் சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லை.

இதன் வேர் ஓர் ஒப்பந்தத்தில் உள்ளது. 2010இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்திடம் அளித்தது. அதன் வழியே 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல்.லில் இடம் பெறத் தேவைப்பட்டது உரிமக் கட்டணம், ஆட்டத் தகுதியன்று. 2007 முதல் நடந்துவந்த ஐ-லீக் 2019இல் இரண்டாம் தட்டுக்குத் தள்ளப்பட்டது. 2022-23 முதல்தான் ஐ-லீக் வெற்றியாளர் மேலேற வழி பிறந்தது. 2023இல் பஞ்சாப் எஃப்.சி.யும் 2024இல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் அவ்வாறு ஏறின. ஆனால் 2024-25 வரை மேலிருந்து ஓர் அணியும் இறக்கப்படவில்லை. சாதியச் சமூகத்தில் வாழும் நமக்கு இவ்வமைப்பை விளக்க உரையாசிரியர் தேவையில்லை.

மகளிர் லீக்கின் சிக்கல் வேறு. அங்கே கட்டணச் சுவர் இல்லை. லீக்கே சுருங்கிக் கிடந்தது. 2017இல் தொடங்கிய இந்திய மகளிர் லீக், ஆண்டுக்குச் சில வாரங்கள் ஒரே ஊரில் நடந்து முடியும் போட்டியாகவே இருந்தது. 2020-21இல் அதுவும் நடக்கவில்லை. சொந்த மண்ணிலும் எதிரணி மண்ணிலுமாக ஆடும் முறை 2023-24இல்தான் வந்தது. அணிகள் ஏழு, ஓர் அணிக்கு 12 ஆட்டங்கள். ஒடிசா எஃப்.சி. வென்றது. அடுத்த பருவத்தில் எட்டு அணிகள் ஆட, ஈஸ்ட் பெங்கால் வென்றது.

இந்தக் குறுகிய களத்துக்குக் கடலூர் மாவட்டம் அளித்தது மிகுதி. 2004 ஆழிப்பேரலை தேவனாம்பட்டினம் முதல் சிதம்பரம் அருகே கிள்ளை வரையிலான கரையைச் சிதைத்தது. பாதிக்கப்பட்ட எளிய குடும்பங்களின் சிறுமியரும் பயின்ற கடலூர் இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி, 2017-18 மகளிர் லீக்கில் ஆடியது. பயிற்சியாளர் மாரியப்பனின் உழைப்பு அது. கடலூரின் இந்துமதி கதிரேசனும் பண்ருட்டியின் சந்தியா ரங்கநாதனும் இந்திய அணியில் இடம்பெற்றனர். தமிழகம் 2018, 2023 ஆண்டுகளில் தேசிய மகளிர் பட்டத்தை வென்றது. மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் மகளிர் லீக்கை வென்றது. ஆயினும் ஆண்டுக்குப் பன்னிரண்டு ஆட்டங்களைக் கொண்டு எந்தப் பெண் தன் குடும்பத்தைக் காப்பாற்ற முடியும்?

நிர்வாகச் சீர்கேட்டின் விலையையும் பெண்கள் செலுத்தினர். 2022 ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தபோது, ஆசியக் கழகப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் சென்றிருந்த கோகுலம் கேரளா மகளிர் அணி ஆடாமலே திரும்பியது. 2025 ஜூலையில், ஒப்பந்தக் காலம் முடியவிருந்த நிலையில், ஐ.எஸ்.எல்.லும் நிறுத்திவைக்கப்பட்டது.

2025 செப்டம்பர் 19 அன்று, முன்னாள் நீதிபதி நாகேஸ்வர ராவ் வரைந்த கூட்டமைப்பு விதிகளை உச்ச நீதிமன்றம் சில திருத்தங்களுடன் ஏற்றது. பொதுக்குழுவில் முன்னாள் வீரர்கள் 15 பேர். அவர்களுள் ஐவர் பெண்கள். வரவேற்கலாம். ஆனால் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அங்கே ஓர் இடமும் ஒதுக்கப்படவில்லை. கூட்டமைப்பு தனியார் சங்கம் என்பது இதற்கு விடையாகாது. பொதுக் கடமை ஆற்றும் விளையாட்டு வாரியம், அரசு அன்றாயினும், அரசமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்துக்கு விடைசொல்லக் கடமைப்பட்டது என்பதை 2005இல் ஜீ டெலிஃபிலிம்ஸ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கிரிக்கெட் வாரியத்துக்குச் சொல்லப்பட்ட அச்சட்டநிலையைக் கால்பந்துக்கும் எடுத்துச் செல்லலாம்.