மண்டையோட்டை எடுத்தவரே நியாயத்தையும் எழுதினார்



1818 ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சியைப் படிப்பிக்கும்போது தெமட்டகொடைப் பிள்ளைகள் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள்: "சேர், கெப்பெட்டிபொல வீரனா, துரோகியா?"

தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்குப் பொறுப்பாக ஹாஜி மரிக்காரை வெள்ளையர் முஹாந்திரமாக நியமித்தனர். கண்டித் தலைவர்களின் அதிகாரம் அதனால் குறைந்தது. 1817இல் கிளர்ச்சி வெடித்தபோது ஹாஜி கொல்லப்பட்டார். அப்படியென்றால் நாம் யார் பக்கம் என்பதே பிள்ளைகளின் உள்மனக் கேள்வி.

நாம் அவர்களுக்கு ஒரு வெள்ளைக்கார வைத்தியரைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் ஹென்றி மார்ஷல். ஸ்கொட்லாந்துக்காரர். இராணுவ சத்திரசிகிச்சை வைத்தியராக 1808 முதல் 1821 வரை இலங்கையில் இருந்தார். 1830இல் ஓய்வு பெற்ற பிறகு பேனாவைப் பிடித்தார். படைவீரர்கள் எந்த நோயால், எந்த இடத்தில், எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கெடுத்து எழுதியதால் இராணுவ மருத்துவப் புள்ளிவிபரத்தின் முன்னோடி என்று பெயர் பெற்றார். இலங்கை பற்றிய அவரது நூல் 1846இல் வெளிவந்தது.

அந்த நூலில் அவர் தன் அரசாங்கத்தையே குற்றம் சாட்டினார். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி உடன்படிக்கையில் கொடுத்த வாக்கை வெள்ளையர் காப்பாற்றவில்லை என்றார். கெப்பெட்டிபொல திசாவை, கிளர்ச்சியை அடக்க வெள்ளையரால் அனுப்பப்பட்டு, கிளர்ச்சியாளரோடு சேர்ந்தவர். 1818 நவம்பரில் கண்டியில் அவரது தலை வெட்டப்பட்டது. கிளர்ச்சி வென்றிருந்தால் அவரைத் துரோகி என்று தண்டித்திருக்க மாட்டார்கள், தேசப்பற்றாளன் என்று கொண்டாடியிருப்பார்கள் என்பது மார்ஷலின் கருத்து.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. கெப்பெட்டிபொலவின் மண்டையோட்டை எடுத்து எடின்பரோவிலிருந்த ஒரு சங்கத்துக்குக் கொடுத்தவரும் இதே மார்ஷல்தான். மண்டையோட்டின் வடிவத்தைப் பார்த்து மனிதனின் குணத்தைச் சொல்லலாம் என்று நம்பியவர்களின் சங்கம் அது. பின்னாளில் அந்த நம்பிக்கையே பொய் என்று ஒதுக்கப்பட்டது. சுதந்திரத்தின் பின்னரே மண்டையோடு நாடு திரும்பியது. இன்று கண்டியில் தலதா மாளிகைக்கு அருகில் அவரது நினைவுத்தூண் நிற்கிறது.

கெப்பெட்டிபொல உள்ளிட்டோரைத் துரோகிகள் என்ற வெள்ளையரின் பிரகடனம் 2016 டிசம்பரில்தான் இரத்துச் செய்யப்பட்டது. மார்ஷல் எழுதி 170 வருடங்களுக்குப் பிறகு!

ஒரே மனிதர் மண்டையோட்டையும் எடுத்தார், நியாயத்தையும் எழுதினார். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அது வரலாறு ஆகாது. கெப்பெட்டிபொலவை வீரன் என்று சொல்வதற்காக ஹாஜியின் கொலையை நாம் மறைக்கத் தேவையில்லை. ஹாஜிக்காக வருந்துவதால் கெப்பெட்டிபொலவின் நியாயம் குறைந்துவிடப் போவதுமில்லை.

இரண்டையும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். வீட்டில் நீங்களும் அப்படியே சொல்லிக் கொடுங்கள்.