கதைக்குள்ள ஓடுற படங்கள்

ஒரு சிறுகதையில ஒருத்தன் பின்னேரம் படம் பார்க்கப் போனான் என்று வந்தால் நாங்க சும்மா கடந்து போயிடுவம். அந்த இடத்தில படத்தின் பெயரும் வந்தால் கொஞ்சம் நிற்போம். அது என்ன வருசம், அவன்ட கையில காசு இருந்ததா, வீட்டுக்குச் சொல்லிட்டுப் போனானா என்று மனசு கணக்குப் போடத் தொடங்கிடும்.

எங்கட நாட்டில இந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் உருவாகி, வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதியைத் தன் கையில எடுத்தது. சென்னையில வந்த படம் இங்க அதே வருசம் ஓடும் என்று சொல்ல ஏலாது. 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தோட டீவியும் வீடியோ டெக்கும் வந்தன. பழைய படமெல்லாம் வீட்டு விறாந்தைக்கே வந்து சேர்ந்தது. ஆக, படம் எடுத்த வருசம் ஒன்று, எங்கட சனம் அதைப் பார்த்த வருசம் இன்னொன்று. இந்த இரண்டாவது வருசம் சினிமா வரலாற்றுப் புத்தகங்களில கிடைப்பது குறைவு. கதைகளிலதான் தேட வேணும்.

தமிழ்க் கதைகளில இதற்கு நல்ல முன்னுதாரணங்கள் இருக்கு. அதே 1972இல் ஜெயகாந்தன் 'சினிமாவுக்குப் போன சித்தாளு' எழுதினார். கட்டட வேலை செய்யும் கம்சலைக்கு ஒரு நடிகர் மேல பித்து. கதையில அந்த நடிகர் வெறும் 'வாத்தியார்'தான். எம்.ஜி.ஆர் என்ற பெயர் வராது, ஆனால் வாசித்த எல்லாருக்கும் ஆள் விளங்கியது. அந்த வருசம் ஒக்டோபரில்தான் எம்.ஜி.ஆர் தனிக்கட்சி தொடங்கினார். திரையில பார்த்த முகத்தை ஒரு ஏழைப் பெண் எவ்வளவு தூரம் நம்பினாள் என்பதை இந்தக் குறுநாவல் எழுதி வைத்தது. வசூல் கணக்கில அது தெரியாது.

அசோகமித்திரன் வேறொரு பக்கம் நின்று பார்த்தார். ஜெமினி ஸ்டூடியோவில பதினான்கு வருசம் வேலை செய்தவர். அவருடைய 'புலிக்கலைஞன்' கதையில காதர் என்ற ஒரு மனுசர் வேலை கேட்டு சினிமாக் கம்பெனிக்கு வருவார். அந்த அறைக்குள்ளேயே புலியாக மாறிப் பாய்ந்து காட்டுவார். பிறகு காலில விழுந்து அழுவார். பின்னால அவருக்குக் கடிதம் போடுவார்கள், அது திரும்பி வந்திடும். எந்தப் படத்திலயும் காதர் இல்லை. அவருடைய பாய்ச்சல் கதையில மட்டும்தான் இருக்கு.

பிற்காலத்தில ஒரு ஈழத்து எழுத்தாளரும் இப்படி ஒரு படத்தைக் கதைக்குள்ள கொண்டு வந்தார். அனுக் அருட்பிரகாசம் ஆங்கிலத்தில எழுதிய 'எ பசேஜ் நோர்த்' 2021இல் புக்கர் குறும்பட்டியலுக்கு வந்த நாவல். அதில கிருஷான் கொழும்பிலிருந்து வடக்குக்குப் போகிறான். அவன்ட நினைவில ஓர் ஆவணப்படம் பக்கம் பக்கமாக ஓடும். அது 2007இல் நோர்வேயின் பியாட்டே ஆர்னஸ்டாட் எடுத்த உண்மையான படம், 'மை டோட்டர் த டெரரிஸ்ட்'. கரும்புலிகளான இரண்டு இளம்பெண்கள் அதில கதைப்பார்கள். ஒருத்தியின் தாயும் கதைப்பார். படம் எடுக்கும்போது 2009 என்ன கொண்டு வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. நாவலை வாசிக்கிற எங்களுக்குத் தெரியும். அதனால படத்தில சாதாரணமாகத் தெரிகிற சிரிப்பையும் நாவலில எங்களால லேசாகக் கடக்க முடியல்ல.

எங்களுக்கு ஆகக் கிட்டத்தில இருப்பது ஒரு தூரத்துக் கதை. ஆர்ஜென்டினாவின் மனுவல் புய்க் 1976இல் எழுதிய 'சிலந்திப் பெண்ணின் முத்தம்'. சிறையில இரண்டு பேர். மொலினா தான் பார்த்த படங்களை வாலந்தீனுக்கு இரவில சொல்வான். முதல் படம் 1942இன் 'கேட் பீப்பிள்', பெயர் சொல்லாமலே சொல்வான். இன்னொன்று நாஜிப் பிரசாரப் படம். மொலினாவுக்கு அதன் அழகு பிடிக்கும், அரசியல்காரனான வாலந்தீனுக்குக் கோபம் வரும். படத்தைச் சொல்பவரும் கேட்பவரும் சேர்ந்து அங்க இன்னொரு படத்தை எடுக்கிறார்கள்.

இதை வாசிக்கும்போது எங்களுக்கு மூத்தம்மாமார்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். கொட்டகைப் பக்கமே போகாமல், போய் வந்த காக்காமார் சொல்லக் கேட்டே படத்தின் கதையைப் பாடமாக்கினவர்கள் அவர்களில இருக்காங்க. கேட்டதைப் பாய் இழைக்கும்போது இன்னொருத்திக்குச் சொல்லியிருப்பார்கள். பாட்டை விட்டு, சண்டையைக் குறைத்து, அழுகிற இடத்தை நீட்டி. அந்தப் படம் சென்னையில எடுத்த படமல்ல, ஓட்டமாவடியில எடுத்தது.

போரைப் பற்றிய படங்களில கிழக்கு முஸ்லிம்களின் முகம் அரிதாகத்தான் தெரியும். 1990 ஓகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்ததைச் சுமந்து வளர்ந்த சனம் நாங்க. எங்களைக் காட்டாத படங்களையும் நாங்க பார்த்தோம், அதுக்குள்ள அழுதோம், சிரித்தோம். அப்படிப் பார்த்ததும் எங்கட வரலாறுதான். எங்கட கதைகளில அது இன்னும் நிறைய வர வேணும்.

கதை எழுதுகிற தம்பி, தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்லுவம். பாத்திரம் படம் பார்க்கிற இடம் வந்தால் பெயரை மட்டும் போட்டுவிட்டு ஓடாதீங்க. ஆரோட பார்த்தது, எந்த இடத்தில கரண்ட் போனது, மிச்சக் கதையை ஆர் சொன்னது என்று எழுதுங்க. அதுக்கு முதல் வீட்டில மூத்தம்மாட்டக் கேளுங்க. சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்காங்க.