கணினியின் சூட்டை எவ்வளவுதான் குறைக்கலாம்?

காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தாயார் பேசிய இரண்டு மணிநேர ஒளிப்பதிவைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். சித்திரை வெயில், கிளிநொச்சியில் நண்பகல். அறைக்குள் 33 பாகை செல்சியஸ். மேசைக் கணினி திடீரென நின்றுவிட்டது. மீண்டும் இயக்கியபோது மூலப்பதிவு பத்திரமாக இருந்தது. சேமிக்காத தொகுப்பு வேலை போய்விட்டது.

"நல்ல கூலர் போட்டால் 50 பாகைக்கு இறங்கும்" என்றார்கள் சிலர். அப்படி இறங்காது. ஏன் என்பதை விளங்கிக்கொண்டால் வீண்செலவைத் தவிர்க்கலாம்.

கூலர் குளிரை உண்டாக்குவதில்லை. புரொசசரின் சூட்டை அறைக் காற்றுக்குக் கடத்துவதே அதன் வேலை. ஆகவே விசிறியோ தண்ணீர்க் கூலரோ, எதனாலும் அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறை ஒரு பாகை சூடானால் புரொசசரும் ஏறத்தாழ ஒரு பாகை சூடாகும். நுவரெலியாவில் 18 பாகை அறையில் 70 பாகை காட்டும் கணினி, அதே வேலைக்குக் கிளிநொச்சியில் 85 பாகை காட்டும். அது பழுதல்ல.

எந்த அளவு ஆபத்து? இன்டெல் கோர் ஐ5-12400இன் உச்ச எல்லை 100 பாகை. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. எல்லையை நெருங்கினால் புரொசசர் தானாகவே வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் கணினி நின்றுவிடும். கடும் வேலையின்போது 80 முதல் 85 வரை இருந்தால் நமது காலநிலையில் பயப்படத் தேவையில்லை. சும்மா இருக்கும்போதே 70ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

என்னுடையது ஐ5-12400. முதலில் மின்இணைப்பைக் கழற்றி, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, கூலரில் அடைந்திருந்த செம்மண் புழுதியைத் தூரிகையால் எடுத்தேன். பிறகு காய்ந்துபோன தேர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, பயறளவு புதிதாக வைத்தேன். 97 பாகை காட்டியது 84 ஆனது. தூசு இல்லாத, பேஸ்ட் காயாத கணினியில் இதே வேலைக்கு ஓரிரு பாகைகூடக் குறையாமல் போகலாம்.

அடுத்து, பெட்டியின் பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பெரிய மாற்றமில்லை. மூடியைக் கழற்றியதும் நன்றாக இறங்கினால் பெட்டிக்குள் காற்றோட்டம் போதாது என்று பொருள். அப்போதுதான் கூடுதல் விசிறி வாங்குவதில் பயனுண்டு.

கடைசியாக பயோஸில் மின்வரம்பைக் குறைத்தேன். இந்தப் புரொசசரின் அடிப்படை மின்அளவு 65 வாட். உச்ச அளவு 117 வாட். நிரந்தரமாக 65இல் நிறுத்தியதும் இன்னும் 5 பாகை இறங்கியது. ஒளிப்பதிவை வெளியே எடுக்கச் சற்றுக் கூடுதல் நேரமாகிறது. செலவு ஒரு சதமும் இல்லை.

இப்போது உச்சம் 79. அதற்குக் கீழே போக வேண்டுமானால் அறையைக் குளிராக்குவது ஒரு வழி. அதற்கு ஏசியும் மின்கட்டணமும் வேண்டும். அந்தக் காசுக்கு நான் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். சாட்சியங்களின் இரண்டாவது பிரதி இப்போது வேறொரு வீட்டில் இருக்கிறது. கணினி பழுதானால் இன்னொன்று வாங்கலாம். அந்தத் தாயாரிடம் போய், அதையெல்லாம் மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க முடியாது.